கிழக்குக் கிளையில் கட்டிய பை

இழுத்தால் பாதி வரும், விட்டால் முழுசும் வரும். அது என்ன?

யோசித்துச் சொல்லுங்க தம்பி, அவசரமில்லை. பஸ் மூணே முக்காலுக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறது. நாலுக்கு முன்னால் அது வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார வேண்டாம். இப்படித் தள்ளி வாங்க. மேலே பாருங்க, கல்யாணப் பெண் படம் போட்ட ஜவுளிக்கடைப் பை தொங்குகிறதே, அது அர்த்தநாரி வீட்டுடையது. போன வாரம்தான் கட்டினான். இன்னும் காயவில்லை. சொட்டும்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்தவர்தானே? காலையில் பார்த்தேன். சனிக்கிழமையிலும் வேலை போலிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: ஆலமரத்தில் எதற்கு இத்தனை பை?

சொல்கிறேன். பசு கன்று போட்ட பிறகு, வயிற்றுக்குள் கன்றைச் சுற்றியிருந்த கொடி பின்னாலேயே வந்து விழும். நஞ்சுக்கொடி என்று டாக்டர்கள் சொல்வார்கள். எங்களுக்கு இளங்கொடி. அதை நாய் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, மாடே தின்றுவிடவும் கூடாது. வைக்கோலில் சுற்றிப் பையில் போட்டு, பால் வடிகிற மரத்தில் கட்டிவிடுவோம். ஆல இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா இல்லையா? அதுபோல மாடும் கறக்கும். ஊரில் இத்தனை பேர் கட்டுகிறார்கள், ஆனால் கிழக்குப் பக்கம் நீண்டிருக்கிற அந்தக் கிளை இருக்கிறதே, அது எங்கள் வீட்டுக் கிளை. எழுதி வைத்த பாத்தியதை ஒன்றும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அர்த்தநாரிக்குத் தெரியாது. அவன் பை இப்போது அதில்தான் தொங்குகிறது.

என் பெயர் நாச்சிமுத்து. பால் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர். மாட்டு விஷயம் என்றால் ஊரில் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. கேட்க மாட்டார்கள், நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

என்ன சொன்னீங்க? கிணற்று வாளியா? அதையும் நான் சொல்லிப் பார்த்தேன் தம்பி. இல்லை என்றுவிட்டாள். விடுகதை போட்டது என் மகள் சங்கவி. நீங்கள் இன்று போன அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. போன ஆடியிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாளி என்றேன், தூக்கம் என்றேன், பூனை என்றேன். ஒவ்வொன்றுக்கும், “இல்லைப்பா, நல்லா யோசிங்க” என்பாள். சொல்லிவிட்டு மாட்டைப் பார்ப்பாள். எங்கே பார்த்துக்கொண்டு பேசுகிறாள் என்றுகூடக் கவனம் இல்லாத பிள்ளை.

கையில் இருக்கிற இதுவா? இதுவும் பைதான். தீவனச் சாக்கைக் கத்தரித்து நானே கோணி ஊசியால் தைத்தது. காலியாகத்தான் இருக்கிறது. ஏன் காலியாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். அதற்கு ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாடு. செவலை. ஜெர்சிக் கலப்பு. தலைச்சன் கன்று போட்டபோது காலையில் ஏழு, சாயங்காலம் ஐந்து என்று கறந்தது. லிட்டர் கணக்கு தம்பி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். எனக்குக் காடு இரண்டு ஏக்கர், அதில் வானம் பார்த்து விதைப்பது. வெயில் காலத்தில் செவலை இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.

இரண்டாவது ஈற்று முந்தின ஆவணியில். காலை பத்து மணிக்குக் கன்று விழுந்தது. காளைக்கன்று. சரி, போகட்டும். ஆனால் இளங்கொடி விழவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, கொஞ்சம் வெளியே தொங்குகிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், கன்று போட்ட அன்று பொழுது சாய்வதற்குள் பை கிளையில் ஏறிவிட வேண்டும். மறுநாள் அமாவாசை வேறு. அமாவாசையில் கட்டினால் பால் வற்றும். இதையெல்லாம் விடுங்க. அன்று காலையில்தான் அர்த்தநாரி வீட்டு மாடும் கன்று போட்டது. பதினோரு மணிக்கே அவன் பை மரத்தில். அவன் சைக்கிளில் என் வாசல் வழியாக இரண்டு தடவை போனான். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

நாலு மணிக்குப் பார்த்தேன். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன். லேசாகத்தான் பிடித்தேன். கொஞ்சம் இழுவைதான். கைக்கு வந்தவரைக்கும் வந்தது.

பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது சங்கவி. அப்போது ஐந்தாம் வகுப்பு. செவலை முதுகை வளைத்து ஒரு சத்தம் போட்டது, பிள்ளை அதற்கே மிரண்டுவிட்டாள். “அப்பா, உள்ள இன்னும் இருக்குதுப்பா” என்றாள்.

“இருந்தா அதுவா வரும் அம்மிணி. நீ பையைப் பிடி” என்றேன்.

பையைத் தூக்கிப் பார்த்தால் சப்பையாக இருந்தது. சப்பையாகத் தொங்கினால் ஊர் என்ன நினைக்கும்? வைக்கோலை நாலு கை அள்ளித் திணித்தேன். நன்றாகப் புடைத்துக்கொண்டது. பொழுது சாயச் சாயக் கிழக்குக் கிளையில் கட்டிவிட்டு இறங்கினேன். கீழே நின்று பார்த்தேன் தம்பி, மரத்திலேயே பெரிய பை அதுதான். அர்த்தநாரியும் பார்த்தான்.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. அவன் கண் என்று நான் சொல்கிறேன். வேறு என்ன காரணம் இருக்கப் போகிறது, நீங்களே சொல்லுங்க. மூன்றாம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல். தீனி எடுக்கவில்லை. பால் பாதியாக இறங்கிவிட்டது. கொட்டகையில் ஒரு நாற்றம், பத்து நாள். பின்புறம் அழுக்குத் தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி வசந்தாமணி, டாக்டரைக் கூப்பிடலாம் என்றாள். மழை ஈரத்துக்குக் கொட்டகை நாறாமல் என்ன செய்யும் என்று நான் சாம்பிராணி போட்டேன். காலையும் மாலையும் போட்டேன். நாற்றம் போய்விட்டதா இல்லையா? போய்விட்டது. பத்து நாளில் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் பால் திரும்ப ஏறவில்லை.

சங்கத்தில் பால் ஊற்றும்போது அர்த்தநாரி பின்னால் நின்று, “பை பெருசு, பால் சிறுசா இருக்குதே மச்சான்” என்றான். அளவுக்காரர்வரை சிரித்தார். நான் நிர்வாகக் குழு உறுப்பினர்.

சரி, பால் போனால் போகட்டும், சீக்கிரம் சினை பிடித்து அடுத்த கன்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுத்தேன். கார்த்திகைக் கடைசியில் மாடு கத்தியது. மாடு கத்தினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. பருவத்துக்கு வந்திருக்கிறது, சினைக்கு விடலாம் என்று அர்த்தம். இப்போது எல்லாம் சினை ஊசிதானே. குமரேசு என்று ஒரு பையன், பைக்கில் உறைபனி டப்பா வைத்துக்கொண்டு வருவான். வந்தான், போட்டான், போனான்.

சினை நின்றால் மாடு அப்புறம் கத்தாது. நிற்காவிட்டால் இருபத்தோராம் நாள் திரும்பக் கத்தும். செவலை கத்தியது. திரும்ப ஊசி. திரும்ப இருபத்தோராம் நாள். திரும்ப ஊசி. மார்கழி, தை, மாசி என்று இப்படியே போயிற்று. சமையல்கட்டுக் காலண்டரில் சிவப்புப் பேனாவில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. பரீட்சைத் தேதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கத்துகிற நாள் எல்லாம் பிள்ளை குறித்து வைத்திருக்கிறாள். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?

நாலாவது தடவை குமரேசு ஊசியைப் போடாமல் நின்றான். மாட்டின் பின்புறம் வழிகிற கோழையைக் காட்டி, இது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், மோர் மாதிரிக் கலங்கியிருக்கிறது, கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறாற்போல் தெரிகிறது, டாக்டரம்மாவிடம் காட்டுங்கள், இப்போது போட்டால் வீண் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழுநீர் குடிக்கிற மாட்டுக்கு அப்படித்தான் இருக்கும், உன் டப்பாவில் சரக்கு இருக்கிறதா, வெறும் புகைதானா என்று கேட்டுவிட்டேன். ஊசியைப் போட்டுவிட்டுப் போனான். அதுவும் நிற்கவில்லை. பாருங்க, நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

கடைசியில் வசந்தாமணி தொல்லை தாங்காமல் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மூன்று கிலோமீட்டர் நடை. சங்கவியும் கூட வந்தாள். அங்கே பத்துப் பதினைந்து பேர் மாடு, ஆட்டோடு நிற்கிறார்கள். அர்த்தநாரி ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறான். டாக்டரம்மா சின்ன வயது, ஆனால் கேள்வி எல்லாம் போலீஸ் மாதிரி. எப்போது கன்று போட்டது, எத்தனை ஊசி, என்ன தீனி. கடைசியில், “நஞ்சுக்கொடி ஒழுங்கா விழுந்துச்சுங்களா?” என்றார்.

“அன்னிக்கே மரத்துல கட்டியாச்சுங்க” என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? கட்டினேனா இல்லையா? முழுசாக வந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அர்த்தநாரி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன். சங்கவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் வேண்டும் போலிருக்கிறது என்று, வெளியே குழாய் இருக்கிறது, போய்க் குடி என்று அனுப்பினேன்.

டாக்டரம்மா அன்றைக்குக் கூட்டத்தில் நான் சொன்னதை வைத்துக்கொண்டு சத்துக் குறைவு என்று தாது உப்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை கத்தினால் அதே நாளில் ஓட்டிவாருங்கள், உள்ளே சோதித்துப் பார்க்கலாம் என்றார். உப்பைப் போட்டேன். திரும்ப ஓட்டிக்கொண்டு போகவில்லை. மூன்று கிலோமீட்டர் தம்பி.

பங்குனியில் மாடு பால் வற்றியே விட்டது. சினையும் இல்லை. அப்போது வீட்டில் ஒருவரும் ஒருவரோடு சரியாகப் பேசவில்லை. மழை இல்லை, காட்டில் சோளத்தட்டு இல்லை, காளைக்கன்றையும் விற்றாயிற்று, பால் இல்லை, ஆனால் தினமும் முப்பது கிலோ தின்ன ஒரு வாய் மட்டும் இருக்கிறது. சித்திரைக் கடைசியில் மாட்டு வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். வயிற்றைத் தட்டினார், வாலைத் தூக்கினார். வளர்ப்புக்குப் போகாது என்றார். அப்படியென்றால் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். லாரி வருகிற சனிக்கிழமைக்குப் பேசி முடித்தேன். எனக்கும் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்று கொட்டகைப் பக்கமே போகவில்லை நான்.

சங்கவி அழவில்லை. அழுதிருந்தால் நாலு வார்த்தை சொல்லித் தேற்றியிருப்பேன். காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். சிவப்பு வட்டங்களை விரலால் எண்ணிக் காட்டினாள். “செவ்வாய்க்கிழமை கத்தும்ப்பா. அதுவரைக்கும் லாரியை வரச் சொல்லாதீங்க” என்றாள். லாரி வருவது சனிக்கிழமை, நடுவில் செவ்வாய் எப்படியும் வரத்தான் போகிறது, அதனால் சரி என்றேன். இதுதான் நான் பிள்ளைக்குக் கொடுக்கிற இடம். கேட்டதைக் கொடுத்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை இதே மரத்தடியில் கால்நடை முகாம். அந்தத் தேதியும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். காலையில் செவலை கத்தியது. நான் கிளம்பி வருவதற்குள் பிள்ளையும் அவள் அம்மாவும் மாட்டை இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இப்போது சொல்லப் போவதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூருக்குப் போக வேண்டாம்.

நான் வந்து சேரும்போது சங்கவி ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டியை வைத்துக்கொண்டு, இதோ இந்தக் கல்லின் மேல் ஏறி நிற்கிறாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நான், ஏய் அம்மிணி என்று கூப்பிடுவதற்குள் கிழக்குக் கிளையிலிருந்து என் பை கீழே விழுந்துவிட்டது. கட்டின பையை அவிழ்ப்பது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அவள் அவிழ்த்தாள். டாக்டரம்மா முன்னால் வைத்துத் தலைகீழாகக் கொட்டினாள். வைக்கோல். எல்லாம் வைக்கோல். காய்ந்த சருகு மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“மீதி எங்கேங்க?” என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

காக்காய் தின்றிருக்கும் என்றேன். தைத்த பைக்குள் காக்காய் எப்படிப் போகும் என்று அர்த்தநாரி கேட்டான். அவனை யார் கேட்டது?

“மீதி உள்ளயே நின்னுருச்சுங்க. அப்பா இழுக்கும்போது அறுந்துருச்சு. பத்து நாள் நாறுச்சுங்க” என்றாள் சங்கவி. பையைப் பிடித்தது நான்தான் என்றும் சொன்னாள். அதை ஏன் சொன்னாள், யாரும் கேட்கவில்லையே. சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். தோள்வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு மாட்டைச் சோதித்தார். கர்ப்பப்பையில் புண்ணாகிச் சீழ் கோத்திருக்கிறது, மாட்டின் மேல் குற்றமில்லை, ஊசியின் மேலும் குற்றமில்லை என்றார். குழாய் வழியாக உள்ளே மருந்து விட்டார். மூன்று நாள் விட வேண்டும், இந்தப் பருவத்துக்குச் சினை ஊசி கூடாது, அடுத்த தடவை கோழை தெளிவாக வந்தால் மட்டும் போடலாம் என்றார். கைக்கு வந்த பருவத்தை யாராவது வீணாக்குவார்களா? நான் மறுத்துப் பார்த்தேன். வசந்தாமணி என் பக்கம் திரும்பி, “லாரிக்காரருக்கு நீங்க போன் போடுறீங்களா, நான் போடட்டுமா?” என்றாள். நானே போட்டேன்.

வைகாசியில் மாடு கத்தியது. பிள்ளை குறித்த அதே நாள். கோழை கண்ணாடி மாதிரி இருந்தது. குமரேசுவைக் கூப்பிட நான் போகவில்லை, அவளே போய்க் கூப்பிட்டாள். ஒரே ஊசி. நின்றுவிட்டது.

ஏன் நின்றது தெரியுமா? ஊரில் எல்லோரும் மருந்து, மருந்து என்கிறார்கள். மருந்தும் விட்டார்கள், அது வேறு விஷயம். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பை மரத்தில் தொங்கிய வரைக்கும் அர்த்தநாரி கண் அதன் மேலேயே இருந்தது. பை இறங்கியது, கண்ணும் இறங்கியது, மாடு சினையானது. நாளை எண்ணிப் பாருங்க, சரியாக வரும். இதைச் சங்கவியிடம் சொன்ன அன்றுதான் இந்த விடுகதையைப் போட்டாள். இழுத்தால் பாதி வரும், விட்டால் முழுசும் வரும். நான் கண் பற்றிப் பேசுகிறேன், அவள் விடுகதை போடுகிறாள்.

பல்லி வாலா? நல்ல யோசனை தம்பி. அதை நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

இன்று காலை ஐந்து மணிக்குச் செவலை கன்று போட்டது. பெண் கன்று, கிடாரி. நெற்றியில் விரல் வைத்த மாதிரி ஒரு வெள்ளை. எல்லோருக்கும் முன்னால் எழுந்தது பிள்ளைதான். மூக்கைத் துடைத்து, குளம்பைக் கிள்ளி விட்டு, மடியில் வாய் வைத்துச் சீம்பால் குடிக்க விட்டு, எல்லாம் அவளேதான். ஆறு மணிக்கெல்லாம் பெயரும் வைத்துவிட்டாள், பொட்டு என்று. செவலை நக்கி விடுகிறது, இவள் துடைத்து விடுகிறாள், அந்தக் கன்றுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. பத்து மாதத்துக்கு முன்னால் லாரி ஏற வேண்டிய மாடு தம்பி அது.

ஆனால் இளங்கொடி விழவில்லை. எட்டு ஆயிற்று, பத்து ஆயிற்று, மதியம் ஒன்று ஆயிற்று. பாதி தொங்குகிறது. நாளைக்கு அமாவாசை. கிழக்குக் கிளையில் அர்த்தநாரியின் கல்யாணப் பெண் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்ய முடியும்? பையைத் தைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். சங்கவி கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் எழுந்து மாட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“கன்னு போட்டுப் பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் பொறுக்கணும், விழலைன்னா கூப்பிடணும், யாரும் கையை வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கப்பா” என்றாள்.

பன்னிரண்டு மணி நேரம் என்றால் அஞ்சு மணி. அதற்கப்புறம் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடாதா?

அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நியாயமாகத்தான் பேசினேன். இந்த வீட்டில் பை பிடிக்கிற கை உன்னுடையது, இந்த வருஷமும் நீ பிடித்தால் பொட்டு உனக்கே, உன் பெயரில் வளரட்டும், அதன் பால்கூட உன் படிப்புக்குத்தான் என்றேன். இல்லை, டாக்டரம்மாதான் உனக்கு அப்பா என்றால், போய்ப் போன் போடு, ஆனால் கன்று நாளைக்கே பொள்ளாச்சிக்கு, உன் அத்தை வீட்டுக்குப் போய்விடும் என்றேன். சும்மா மிரட்டுவதற்குச் சொன்னேன் என்று நினைக்காதீங்க. வசந்தாமணி கேட்டுக்கொண்டு நின்றாள், சொன்ன சொல்லை இனி நான் எப்படி மாற்றுவது? வேண்டுமென்றேதான் அவ்வளவு பெரிதாக வைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை, காலையிலிருந்து அந்தக் கன்றைக் கீழே விடவில்லை. என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

டாக்டரம்மாவின் ஜீப் ஒர்க்ஷாப்பில் இருக்கிறதாம். இந்த பஸ்ஸில்தான் வருகிறார். நான் எதற்கு இங்கே நிற்கிறேன் என்று கேட்டீங்களே, வீட்டுக்காரி அனுப்பினாள். “பை தூக்கத்தானே உங்களுக்கு ஆசை, போய் டாக்டரம்மா பையைத் தூக்கிட்டு வாங்க” என்றாள். இந்தக் காலிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்துவிட்டேன்.

அதோ வளைவில் தூசி தெரிகிறது, பஸ்தான். இன்றைக்கென்று நேரத்துக்கு வருகிறது. உங்கள் குடையை மறந்துவிடாதீங்க. விடுகதைக்கு விடை தோன்றினால் அடுத்த தடவை கம்ப்யூட்டர் பார்க்க வரும்போது சொல்லுங்க.

பிள்ளையா? பிள்ளை கொஞ்ச நேரம் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையிலிருந்து பையை வாங்கினாள். வாங்கி, நாலாக மடித்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தாள். உள்ளே போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.